நாலிலிருந்து ஒன்றுக்கு

என் வேலை சின்னது, ஐலி.
பன்னிரண்டு பேர் உட்காரும் வேனை
ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டுவது.
பையைத் தூக்குவது.
வழியில் எந்தக் கடை முன்னும் நிற்காதிருப்பது.

உன்னை முதலில் ஏற்றியது
ஆஸ்பத்திரியின் பின்வாசலில், ஜனவரியில்,
ஆறு உறைந்து கப்பல் நின்றுபோன வாரம்.
உன் கோப்பில் நாலாம் நிலை என்று எழுதியிருந்தது.
ஆறு நாள் கையில் குழாய்,
மணிக்கொரு தரம் நாடி பார்க்க ஒரு நர்ஸ்.
குடிவந்தது காலி செய்யும்போது
சுவரின் ஆணியையும் பிடுங்கிக்கொண்டுதான் போகும்.

ஏணியென்றால் ஏறுவதற்கு என்றுதான் நினைத்திருந்தேன்,
வேலைக்குச் சேர்ந்த புதிதில்.
இங்கே எண் குறையக் குறையத்தான் தேறுதல்.

பைன் மரங்களுக்குள் இருந்த அந்த வீடு, மூன்றாம் நிலை.
செல்போனை உறையிலிட்டு ஒட்டிவிடுவார்கள்.
இருபத்தெட்டு நாள் என்றார் டாக்டர்.
பதினொன்று என்றது காப்பீட்டுக் கம்பெனி.
உன்னைப் பார்த்தேயிராத ஒருத்தர்
எங்கோ உட்கார்ந்து, தொலைபேசியில்
'இப்போது நன்றாகத் தூங்குகிறார்' என்று
கோப்பிலிருந்து படித்தாராம்.
நன்றாகத் தூங்கியது உன் குற்றம்.

பன்னிரண்டாம் நாள் வேனில் நீ பேசவில்லை.
வெண்மீன் வாடை போகாத அண்ணனின் கோட்டு.
ஹீட்டர் முன்னே கையை நீட்டி
பத்து விரலும் இருக்கிறதா என்று பார்ப்பவள்போல்
பார்த்துக்கொண்டே வந்தாய்.

இரண்டாம் நிலை பகலுக்கு மட்டும்.
ஒன்பது மணிக்கு வட்டமாக நாற்காலிகள்,
மூன்று மணிக்கு வெளியே.
இரவுக்கு யாரும் எண் போடவில்லை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளி, நீ வாசலுக்கு வரவில்லை.
ஐந்து நிமிடம் நிற்கலாம் என்பது விதி.
பத்து நிமிடம் நின்றேன்.
ஹாரனுக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் சொன்னது.

திங்கள்கிழமை, அதே பின்வாசல்.
மறுபடி நாலு.
'எல்லாம் முதலிலிருந்தா?' என்றாய்.
ஆறுதல் சொல்லத் தெரியாது எனக்கு.
அதனால் பூட்டைப் பற்றிச் சொன்னேன்.

சூ நகரத்து நீர்ப்பூட்டில் கயிறு பிடித்தவன் நான்.
ஆயிரம் அடிக் கப்பல், வயிறு நிறைய இரும்புத்தாது,
சுபீரியர் ஏரியிலிருந்து ஹூரானுக்குப் போக
இருபத்தோரு அடி இறங்க வேண்டும்.
ஒரேயடியாக விட்டால் உடையும்.
உள்ளே விட்டு, பின்னால் கதவை அடைத்து,
தண்ணீரை வடிப்போம்.
கப்பல் ஒன்றும் செய்யாது.
தண்ணீர் இறங்கும், அதுவும் இறங்கும்.
கயிறு பிடிக்கிறவன் இழுக்கக் கூடாது,
விட்டுவிடவும் கூடாது,
தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

'போன கப்பலே திரும்பி வருமா?'
வருஷத்துக்கு நாற்பது தடவை.
அதே பெயர், அதே துரு.
தோற்ற கப்பல் என்று யாரும் அதைச் சொன்னதில்லை.

'அந்த வேலையை ஏன் விட்டீர்கள்?'
சாலையைப் பார்த்தபடி சொன்னேன்:
நான் விடவில்லை, அனுப்பினார்கள்.
என் ஃப்ளாஸ்கில் இருந்தது காப்பி இல்லை.
கயிறு என் கையைவிட்டுப் போனது
இரண்டே நொடி.
அதற்குமேல் நீ கேட்கவில்லை.
ஹீட்டரைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிவிட்டாய்.

இப்போது மே.
ஒன்றாம் நிலை: செவ்வாய்தோறும் ஒரு மணி நேரம்,
பஸ்ஸில் நீயே வந்து போகிறாயாம்.
என் பட்டியலில் உன் பெயர் இல்லை.
இல்லாத பெயரைத் தேடுவது கெட்ட பழக்கம்.
தேடுகிறேன்.

நேற்று போர்டேஜ் தெரு சிக்னலில் பார்த்தேன்,
ரொட்டிப் பையோடு நீ, கோட்டில்லாமல்.
வெளியில் கண்டால் நாங்கள் முன்பின் தெரியாதவர்கள்,
அதுவும் விதி.
நீ நிமிர்ந்தாய்.
நான் கை அசைக்கவில்லை.
வைப்பரை மட்டும் ஒரு தரம் ஓடவிட்டேன்.
மழை இல்லை.